வலது சீட்டின் சூடு

வலது பக்கத்து சீட் மூன்றாவது தடவையாக உயிரை விட்டது ஜனவரியில், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். வெளியே மைனஸ் முப்பத்தொரு டிகிரி. காரின் இடது பக்கம் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்து, குன்போரி அந்தச் சீட்டைச் சூடாக்கும் சுவிட்சை அழுத்தினாள். குட்டி ஆரஞ்சு விளக்கு எரிந்தது, இரண்டு தடவை சிமிட்டியது, அணைந்துபோனது. கட்டைவிரலால் மறுபடி அழுத்தினாள். பிறகு முஷ்டியால் ஒரு குத்து. அது பாட்டுக்குக் கிடந்தது.

"சாத்தான் பிடிச்ச சீட்டு! போன மார்ச்சுல ஒரு தடவை, நவம்பர்ல ஒரு தடவை, இப்ப இது. மனுஷன் ஒக்காரத்தானே செஞ்சு வெச்சிருக்கானுங்க, இல்ல சும்மா பாத்துட்டுப் போறதுக்கா?"

அந்தச் சீட்டில் அவள் புருஷன் ஹெல்மர் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "விடு குன்போரி. வண்டிய எடு."

"எப்படி விடுறது? போறப்ப நீ பல்லைக் கடிச்சுக்குவ. வர்றப்ப?"

ஹெல்மர் சீட் பெல்ட்டைப் போட்டுக்கொண்டான். வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டே பிறந்த மனுஷன் அவன். கட்டிய நாற்பத்து நாலு வருஷத்தில் அவன் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குத் தேறாது. அவள் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

வாரத்தில் மூன்று நாள், செவ்வாய், வியாழன், சனி, அவர்களுக்கு இந்தப் பாடு. நாட்டின் வடகோடியில் ஆற்றங்கரையிலிருந்த அவர்களுடைய ஊரிலிருந்து நகரத்து ஆஸ்பத்திரிக்கு நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், திரும்பி வர இன்னொரு நூற்றுப் பன்னிரண்டு. வழியெல்லாம் பைன் மரமும் பனியும், நடு ரோட்டில் வந்து நிற்கும் கலைமான்களும்தான். ஹெல்மருடைய இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. நாலு மணி நேரம் மெஷினில் படுத்து ரத்தத்தைச் சுத்தம் பண்ணிக்கொண்டு வந்தால்தான் அடுத்த இரண்டு நாள் உயிர் ஓடும். போகாவிட்டால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா முதல் நாளே ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்: ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம்.

மெஷினிலிருந்து இறங்கும்போது அவன் உடம்பு சில்லிட்டிருக்கும். வெளியே போய்த் திரும்பிய ரத்தம் சூட்டை எங்கோ விட்டுவிட்டு வந்த மாதிரி நடுங்குவான். போதாக்குறைக்கு முதுகு. நாற்பது வருஷம் காட்டில் மரம் வெட்டும் இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி, முதுகெலும்பில் இரண்டு கணு ஒட்டிப்போய்விட்டன. இடுப்புக்கடியில் சூடு இருந்தால் உட்காருவான். இல்லாவிட்டால் அங்கேயே இறுகிப்போய், ஒவ்வொரு பள்ளத்துக்கும் முனகுவான். கம்பளியைப் போர்த்தினால் போதாதா என்று கேட்கிற புண்ணியவான்கள் பிப்ரவரியில் அந்த ரோட்டில் ஒரு தடவை போய்விட்டு வந்து பேசட்டும். ஆஸ்பத்திரி டாக்ஸியும் இல்லாமலில்லை. அது நாலு ஊரைச் சுற்றி நாலு பேரை அள்ளிக்கொண்டு போகும். போக வர மட்டும் ஐந்து மணி நேரம். ஒரு தடவை அதில் போய்விட்டு வந்து ஹெல்மர் மூன்று நாள் படுக்கையைவிட்டு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கே குன்போரி சொல்லிவிட்டாள்: "இனிமே உன்னைக் கூட்டிட்டுப் போறது நான்."

சொல்லக்கூடியவள்தான் அவள். முப்பத்தொரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவள். ஊரில் இன்றைக்கும் அவளுக்கு 'பஸ்-குன்போரி' என்றுதான் பேர். இருபத்து நாலு வயதில், சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண்ணும் தொடாத அந்தப் பெரிய ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். ஆம்பிளைகள் கடைவாசலில் நின்று சிரித்தார்கள். முதல் மாதமே பனிக்குழியில் மாட்டிய ஒருத்தனுடைய டிராக்டரை அதே பஸ்ஸால் கட்டி இழுத்துவிட்டாள். அதோடு சிரிப்பு நின்றது. ஒரு டிசம்பரில் பனிப்புயல் அடித்து ரோடே தெரியாமல் போயிற்று. பதினோரு பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்றரை மணி நேரம் நடுக்காட்டில் இன்ஜினை அணைக்காமல் நின்றாள். ரோட்டுப் பனியை வாரித் தள்ளும் வண்டி வந்ததும், அதில் வந்தவர்கள் "திருப்பிக்கிட்டு வீட்டுக்குப் போ" என்றார்கள். "ஏறினவங்க போய்ச் சேரணும். பாதி வழியில திரும்புற பஸ்ஸு பஸ்ஸே இல்ல" என்று சொல்லிவிட்டு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கினாள். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற ரகம். ரிட்டயர் ஆனபிறகும் அந்தக் குணம் போகவில்லை. பயணி ஒருத்தன்தான், அவன் தன் புருஷன் என்பதுதான் வித்தியாசம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை எப்படியோ போய்ச் சேர்ந்தார்கள். திரும்பி வரும்போது ஹெல்மர் முன்பக்கம் குனிந்து, இரண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டே வந்தான். பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. அவள் ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட்டுத் தான் வியர்த்து ஒழுகினாள், அவனோ நடுங்கினான். வீட்டு வாசலில் அவனை இறக்கும்போது கால் மடங்கிப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டான். அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். முன்னெல்லாம் தொண்ணூற்றைந்து கிலோ இருந்தவன், இன்றைக்குப் பள்ளிக்கூடப் பையன் மாதிரி கனமே இல்லாமல் வந்தான். அது அவளை உலுக்கிவிட்டது.

மறுநாள் காலையில் வண்டியை ஸ்தூரேயின் ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிக்கொண்டு போனாள். ஸ்தூரேக்கு ஐம்பத்திரண்டு வயது. ஒரு காலத்தில் அவளுடைய பஸ்ஸில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து வாந்தியெடுத்த பிள்ளை.

"வா பஸ்ஸு. மறுபடியும் சீட்டா?"

"மறுபடியும் சீட்டுதான். நீ என்னத்தைத்தான் உள்ள வெச்சுத் தைக்கிற? பழைய பேப்பரா?"

"புது விரிப்பு. ஒரிஜினல்."

"ஒரிஜினலு ரெண்டு மாசம்தான் வருமா? உன் வாந்தி இதைவிட நாள்பட நின்னுச்சு என் பஸ்ஸில."

ஸ்தூரே சிரித்துக்கொண்டே சீட்டைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்தான். கொக்கிகளை ஒவ்வொன்றாக விடுவித்து உறையை உரித்தான். நுரைப்பஞ்சுமேல் சூட்டு விரிப்பு, அதற்குள் தலைமுடி போல மெல்லிய கம்பிகள். முன்பக்கத்தில், கதவை ஒட்டிய ஓரத்தில், காசு அளவுக்குப் பழுப்பாகக் கருகியிருந்தது. அவன் சிரிப்பு நின்றது. உள்ளே போய், குப்பையில் போடாமல் வைத்திருந்த பழைய இரண்டு விரிப்புகளையும் எடுத்துவந்து பக்கத்தில் பரப்பினான். மூன்றிலும் அதே இடம்.

"இங்க பாரு குன்போரி. குண்டி படுற எடத்துல இல்ல. முன்னாடி ஓரத்துல. இது முழங்கால். யாரோ ஒத்த முழங்காலைப் போட்டு மொத்த எடையையும் ஏத்துறாங்க. இந்தக் கம்பி அதைத் தாங்காது, நொறுங்கிடும். நாய் இருக்கா வீட்டுல?"

"நாய் செத்து நாலு வருஷமாச்சு."

"பேரப்பிள்ளைங்க?"

"ஸ்டாக்ஹோம்ல. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, கொசுவைப் பாத்துக் கத்திட்டுப் போகுதுங்க. யாருடா முழங்கால் போடுறது, ஆவியா?" என்று சீறியவள் சட்டென்று நிறுத்தினாள்.

அவள்தான். வேறு யார்?

அந்தக் குளிரில் கார்க் கண்ணாடியில் வெளியே மட்டுமா பனி பிடிக்கும்? ராத்திரி முழுக்க நிற்கும் வண்டிக்குள், மூச்சும் ஈரமும் உறைந்து உள்பக்கமும் வெள்ளையாகப் படியும். மற்ற வீடுகளில் வீட்டிலிருந்து வயர் இழுத்து, வலது சீட்டின் கால்மாட்டில் ஒரு சின்ன கரண்ட் ஹீட்டரை வைத்து ஓடவிட்டிருப்பார்கள், காலையில் கண்ணாடி தெளிந்திருக்கும். அவர்கள் வண்டியிலும் இருந்தது. ஹெல்மருடைய வீங்கிய கால் அதில் இடிக்கிறதென்று அவள்தான் பிடுங்கிப் போட்டாள். அதனால் தினமும் புறப்படுமுன், வலது கதவைத் திறந்து, சீட்டில் ஒரு முழங்காலை ஊன்றி, அவன் பக்கத்து முன்கண்ணாடியையும் ஜன்னலையும் உள்ளிருந்து சுரண்டுவாள். தன் பக்கத்தில் ஓட்டுவதற்கு வேண்டிய அளவு சுரண்டினால் போதும் அவளுக்கு. அவன் பக்கத்தைத்தான் மூலைவரைக்கும் சுரண்டுவாள். மனுஷன் நாலு மணி நேரம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கப்போகிறான், வழியிலாவது மரத்தைப் பார்க்கட்டும் என்று. வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிட்டது.

"நான்தான்" என்றாள்.

ஸ்தூரே அவளை மேலும் கீழும் பார்த்தான். "எத்தனை கிலோ இருப்ப நீ?"

"உன்னைத் தூக்கி அந்த எண்ணெய்த் தொட்டிக்குள்ள போடுற அளவுக்கு இருப்பேன். புதுசு எப்ப வரும்?"

"தெக்கேருந்து வரணும். நாலு நாள்."

வியாழக்கிழமையும் சூடில்லாத சீட்டில்தான் போனார்கள். வெந்நீர்ப் பை மூன்று, கலைமான் தோல் ஒன்று, அவளுடைய சொந்தக் கோட்டு. போகும்போதே ஐம்பதாவது கிலோமீட்டரில் பை ஆறிவிட்டது. டயாலிசிஸ் பிரிவில் ஓசா என்ற நர்ஸ் அவன் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் குன்போரியை வெளியே தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

"இப்படிக் கூட்டிட்டு வராத குன்போரி. நெஞ்சு தாங்காது. சீட்டு சரியாகுறவரைக்கும் இரு. சனிக்கிழமையை விட்டுடு, திங்கள்கிழமைக்கு எடம் பண்ணித் தர்றேன். தண்ணிய மட்டும் அளந்து குடு."

"ஒரு தடவை விட்டா?"

"ஒரு தடவை பரவாயில்ல."

குன்போரி உள்ளுக்குள் பொருமினாள். ஆனால் நர்ஸே சொன்னபிறகு என்ன செய்வது? வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் வீட்டிலேயே இருந்தார்கள்.

அந்த மூன்று நாள் ஹெல்மரை அவள் மறக்கவே மாட்டாள். சனிக்கிழமை காலையில் அவளுக்கு முன்னாலேயே எழுந்து அடுப்பில் விறகு வைத்திருந்தான். காபி கேட்டான், அரைக் கோப்பை இல்லை, முழுக் கோப்பை. ஊர் வழக்கப்படி பாலாடைக்கட்டியைத் துண்டு துண்டாகக் காபிக்குள் போட்டு ஊறவைத்து, ஸ்பூனால் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு தின்றான். இரண்டு வருஷமாக அவனுக்கு அது ஆகாத பண்டம். "வேணாம்டா ஹெல்மர்" என்று அவள் தட்டை இழுத்தாள். அவன் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். பிறகு ஜன்னலோரம் உட்கார்ந்து, ஆற்றில் உறைபனிமேல் ஓட்டை போட்டு மீன் பிடிக்கிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாய்க்குள் ஏதோ ஒரு பாட்டு. அவன் பாடி அவள் கேட்டது அவர்கள் கல்யாணத்துக்கு முந்தி. குன்போரிக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தப் பாட்டு கேட்காத அளவுக்குப் பாத்திரங்களைச் சத்தமாக அடுக்கினாள். ஏனென்று அவள் தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. ஞாயிறு ராத்திரி அவனுக்குக் காலெல்லாம் வீங்கி மூச்சு இரைத்தது. "பாத்தியா, பாத்தியா" என்று திட்டிக்கொண்டே தலையணையை அடுக்கினாள். அதில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது அவளுக்கு.

புது விரிப்பு வந்தது. திங்கள்கிழமை போய்வந்தார்கள், சீட்டு அடுப்பு மாதிரி கொதித்தது. அதன்பிறகு குன்போரி முழங்காலைச் சீட்டில் வைக்கவே இல்லை. வெளியே பனியில் நின்றுகொண்டு, இடுப்பை மடக்கி, கையை நீட்டி எட்டிச் சுரண்டினாள். இடுப்பு விட்டுப்போயிற்று. போகட்டும். ஒவ்வொரு முறையும் பயணத்துக்கு முதல் நாளே போய் சுவிட்சை அழுத்தி, கையை வைத்துப் பார்த்துவிட்டு வருவாள். இரண்டு வாரம் ஒரு குறையுமில்லை.

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கையை வைத்தாள். ஜில்லென்று இருந்தது. விளக்கு எரியக்கூட இல்லை.

அவளுக்கு வந்த கோபத்தில் வண்டி வாசலைவிட்டுப் பின்னாலேயே பறந்தது. ஒர்க்‌ஷாப்பில் மூன்று பேர் காபி குடித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் முன்னாலேயே ஆரம்பித்தாள்.

"முழங்கால்னு சொன்னல்ல? ரெண்டு வாரமா நான் வெளிய நின்னு குச்சி மாதிரி வளைஞ்சு சுரண்டுறேன். இப்பவும் போச்சு! ஒரு பொம்பளை தலையில மொளகா அரைக்கலாம்னு நெனச்சியா? நாளைக்குச் சனிக்கிழமை. நாளைக்கு அவனை எதுல ஒக்கார வெப்பேன், உன் மடியிலயா?"

மூன்று பேரும் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். ஸ்தூரே சீட்டைக் கழற்றினான். உறையைப் பாதி உரித்ததும் கை நின்றது. உறையைப் பழையபடி மூடினான். "நீங்க கொஞ்சம் வெளிய இருங்கப்பா" என்று அந்த மூன்று பேரையும் அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினான். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய மாதிரி இருந்தது அவன் முகம்.

"என்னடா?"

"வந்து பாரு."

விரிப்பில் கருகல் இல்லை. கம்பி எதுவும் நொறுங்கவில்லை. பக்கவாட்டில், விரிப்புக்குப் போகிற தடித்த வயர் இரண்டாக வெட்டுப்பட்டிருந்தது. ஒரே வெட்டு, சுத்தமான வெட்டு. வெட்டின முனைகளை யாரோ பொறுப்பாக உள்ளே மடித்து வைத்திருந்தார்கள்.

"இது முழங்கால் இல்ல குன்போரி" என்றான் ஸ்தூரே. குரல் தாழ்ந்திருந்தது. "கொக்கிய நேக்கா கழட்டி, வெட்டிட்டு, திரும்ப மாட்டியிருக்கு. சீட்டைப் பிரிச்சுப் பழகின கை."

ஊரில் ஆம்பிளை ஒவ்வொருத்தன் இடுப்பிலும் கத்தி தொங்கும். ஆனால் நாற்பது வருஷம் தன் இயந்திரத்தின் சீட்டைத் தானே பிரித்து, தானே தைத்து, வருஷத்துக்கு இரண்டு தடவை பஞ்சு மாற்றிய ஆள் ஒருத்தன்தான். அவள் அந்த வயர் முனையை விரலால் தொட்டாள்.

"ஒட்ட முடியுமா?"

"அஞ்சு நிமிஷ வேலை. ஆனா குன்போரி, கொஞ்சம் யோசி. அவன் ஏன்..."

"ஒட்டுன்னு சொன்னேன்."

அவன் ஒட்டினான்.

அன்று சாயங்காலம் அவள் ஒன்றும் கேட்கவில்லை. மீனைப் பொரித்தாள். அவன் தின்றான். வண்டியை எங்கே கொண்டுபோனாய் என்று அவனும் கேட்கவில்லை. இரண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல் தட்டைக் கழுவி, துடைத்து, அலமாரியில் வைத்தார்கள்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குப் புறப்பட்டார்கள். அவன் உட்கார்ந்ததும் அவள் சுவிட்சை அழுத்தினாள். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. நாலாவது நிமிஷத்தில் சூடு ஏறியிருக்கும். அவன் தோள் லேசாகத் தூக்கிப் போட்டதை ஓரக்கண்ணால் பார்த்தாள். முப்பது கிலோமீட்டர், நாற்பது கிலோமீட்டர். வானம் சாம்பல் நிறத்துக்கு வந்தது.

"ஸ்தூரே ஒட்டிட்டானா?" என்றான் ஹெல்மர்.

"ஒட்டிட்டான்."

"ம்."

"என்ன 'ம்'? என் வண்டிய வெட்டிட்டு 'ம்'மா? ஊரு முன்னாடி அந்தப் பையனை நான் திட்டாத திட்டெல்லாம் திட்டி... ஏன்டா? நான் உனக்கு என்ன கொறை வெச்சேன்?"

"கொறையில்ல."

"பின்ன?"

"நாளு வேணும்னு இருந்துச்சு."

"என்ன நாளு?"

"சனி, ஞாயிறு. போன மாசம் மாதிரி. சீட்டு போச்சுன்னா ஓசா வர வேணாம்னு சொல்லுவா. அப்படி ஒரு நாளு."

மரம் ஏற்றின லாரி ஒன்று எதிரில் வந்து பனிப்புழுதியைக் கிளப்பிவிட்டுப் போனது. ஒன்றும் தெரியவில்லை. அவள் வேகத்தைக் குறைத்து, ரோட்டோரம் லாரி ஒதுங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்தினாள். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு அவன் பக்கம் திரும்பினாள்.

"ஒரு நாளா? இல்ல எல்லா நாளுமா?"

ஹெல்மர் நேரே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்துக் கண்ணாடி மூலைவரைக்கும் சுத்தமாக இருந்தது.

"எல்லா நாளும்."

"சொல்ல வாயில்லையா உனக்கு? ஒரு மனுஷன் பொண்டாட்டிகிட்ட வாயைத் தொறந்து சொல்றதை விட்டுட்டு, திருடன் மாதிரி கத்திய எடுத்துட்டுப் போயி..."

"உன்கிட்ட எப்படிச் சொல்றது குன்போரி? நீ ஒரு டிரிப்பைக்கூட விட்டதில்ல. உன் பஸ்ஸில ஏறினவன் எறங்குறேன்னு சொன்னா நீ எறக்குவியா?" கொஞ்சம் மூச்சு வாங்கினான். "ரெண்டு வருஷமாச்சு. ஊசி குத்துற எடமெல்லாம் கல்லாயிடுச்சு. போயிட்டு வந்தா ஒரு நாள் படுக்கை. அது தெளியுறதுக்குள்ள அடுத்த டிரிப்பு. எப்ப நான் உயிரோட இருக்கேன், சொல்லு? வயரை வெட்டினா வயரு அழாது. அதான் வெட்டினேன்."

"நான் அழுது நீ எப்ப பாத்த?"

"பாத்ததில்ல. அதான் பயம்."

அவள் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. அவன்மேல், ஸ்தூரேமேல், அந்தச் சீட்டின்மேல், தன் முழங்கால்மேல். முழங்காலைப் போட்டுப் போட்டு அந்தச் சீட்டைச் சாகடித்தது அவள். சீட்டு செத்தால் வீட்டிலிருக்கலாம் என்று அவனுக்கு வழி காட்டியதும் அவள்தான். பாழாய்ப்போன பாசம், என்று முணுமுணுத்தாள்.

"செத்துப்போயிடுவடா" என்றாள். அந்த வார்த்தையை அவர்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. நெருப்பென்றால் வாய் வெந்துவிடும் என்பதுபோல இரண்டு வருஷம் அதைச் சுற்றிச் சுற்றி நடந்திருந்தார்கள்.

"தெரியும்."

"மூச்சு முட்டும். அன்னைக்கு ஞாயித்துக்கிழமை மாதிரி. அதைவிட மோசமா."

"தெரியும். அதுக்கும் பயம்தான் எனக்கு."

அவள் போனை எடுத்தாள். ஓசா எடுத்ததும், "குன்போரி பேசுறேன். வரல" என்றாள்.

"என்ன ஆச்சு? சீட்டா மறுபடியும்?"

"சீட்டு நல்லாத்தான் இருக்கு. சுடுது. ஹெல்மர் வரல. இன்னைக்கு இல்ல, செவ்வாய்க்கிழமையும் இல்ல."

போனில் பின்னால் மெஷின்கள் பீப் பீப் என்று கத்தின. பிறகு ஓசா சொன்னாள்: "நீ சொன்னாப் போதாது குன்போரி. அவன் வாயால நான் கேக்கணும். போனை அவன்கிட்ட குடு."

அவள் போனை ஸ்பீக்கரில் போட்டு, அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். ஹெல்மர் தொண்டையைச் செருமினான். உதட்டை ஈரப்படுத்திக்கொண்டான். அவன் பேசப்போவதில்லை என்றே அவள் நினைத்தாள். பேசாமலிருக்கட்டும் என்றும் நினைத்தாள். அவன் பேசாவிட்டால் கியரைப் போட்டு நேரே போய்விடலாம், இன்னும் அறுபது கிலோமீட்டர்தானே.

"ஓசா, நான் ஹெல்மர். எனக்குப் போதும். இனிமே வரல. யாரும் என்னை ஏத்திவிட்டுச் சொல்லச் சொல்லல. நானேதான்."

"சரி ஹெல்மர்" என்றாள் ஓசா. "திங்கக்கிழமை டாக்டர் கூப்பிடுவாங்க. வீட்டுக்கு நர்ஸ் வருவாங்க, மூச்சுக்கும் வலிக்கும் மருந்து உண்டு. மனசு மாறினா எந்த நாளும் கூப்பிடு. கேட்டுச்சா? எந்த நாளும்."

"கேட்டுச்சு."

குன்போரி வண்டியைத் திருப்பினாள். அந்த ரோட்டில் அவ்வளவு அகலம் கிடையாது. முன்னே, பின்னே, முன்னே என்று நாலு தடவை போட்டுத் திருப்ப வேண்டியிருந்தது. பின்சக்கரம் ஒரு தடவை பனியில் வழுக்கியது. முப்பத்தொரு வருஷத்தில் பயணியை ஏற்றிக்கொண்டு பாதியில் திரும்பியது அதுதான் முதல் தடவை.

பதினொரு நாள் இருந்தான். மனசு மாறவில்லை. அந்தப் பதினொன்றில் ஒன்பது நாள் பேசினான். நம்ப மாட்டீர்கள், ஹெல்மர் பேசினான். காட்டில் தனியாக இருக்கும்போது இயந்திரத்தோடு பேசிக்கொண்டிருப்பானாம். அவள் பஸ் ஓட்ட ஆரம்பித்த வருஷம், அது கடந்துபோகும் நேரத்துக்கு ரோட்டோரத்து மரத்தை வெட்டுவது மாதிரி தினமும் போய் நிற்பானாம். அந்த மரத்தை வெட்ட மூன்று வாரம் ஆயிற்றாம். ஒவ்வொரு ஊசிக்கும் பயந்து செத்தானாம். அவள் போடுகிற காபி நாற்பத்து நாலு வருஷமாகத் தண்ணீர் மாதிரி இருக்கிறதாம். "இதை அன்னைக்கே சொல்றதுக்கென்ன?" என்று அவள் கத்தினாள். அவன் சிரித்தான். ஸ்டாக்ஹோமிலிருந்து மகள் வந்து அப்பா பேசுவதை வாயைப் பிளந்து கேட்டாள்.

பத்தாவது நாள் பேச்சு நின்றது. நுரையீரலில் தண்ணீர் ஏறிவிட்டது. படுக்க முடியவில்லை. நர்ஸ் மருந்து கொடுத்தாள், அது வேலை செய்யும்வரை அவன் கண் பிதுங்கியதைக் குன்போரி பார்த்தாள். அவன் முதுகுக்குப் பின்னால் தான் உட்கார்ந்து, தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு இரண்டு ராத்திரி பிடித்திருந்தாள். சொகுசான சாவு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். புதன்கிழமை காலை ஆறரைக்கு அடங்கினான்.

மார்ச் கடைசியில் ஸ்தூரே வீட்டுக்கு வந்தான். தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றான். துக்கம் விசாரித்தான். பிறகு என்ன பேசுவதென்று தெரியாமல், அன்றைக்கு ஒட்டினது தற்காலிகம்தான் என்றும், ஒழுங்காகப் புது வயர் போட்டுத் தருகிறேன், காசு வேண்டாம் என்றும் சொன்னான்.

"எதுக்கு? அதுல யாரு ஒக்காரப்போறா?"

"இல்ல... யாராவது..."

"ஸ்தூரே, வாரத்துக்கு மூணு நாள், போக வர மூணு மணி நேரம், ரெண்டு வருஷம் அவன் பக்கத்துலயே ஒக்காந்திருந்தேன். குளிருதா, வலிக்குதா, சூடு போதுமான்னு நூறு தடவை கேட்டிருப்பேன். வர்றியான்னு ஒரு தடவைகூடக் கேக்கல." அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பான். இல்லடா?"

ஸ்தூரே தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றான். குன்போரி அங்கேயே, அவன் கண்ணெதிரிலேயே, குலுங்கிக் குலுங்கி அழுதாள்.